அடுக்கு எஃகுக் கத்தியில் கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன: குறை அமிலத்திலா, எஃகிலா?

கேட்டவர்: காட்பாடிக்காரன்

வணக்கம். நான் காட்பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லத்தேரியில் இருக்கும் தாய்மாமாவின் கொல்லுப் பட்டறைக்குப் போய், அவர் அரிவாளும் களைக்கொத்தும் அடித்து முடித்த பிறகு எஞ்சியிருக்கும் உலைச்சூட்டில் சமையல் கத்தி செய்து பழகி வருகிறேன். சாதாரணக் கத்திகள் ஏழெட்டு செய்த பிறகு, இணையத்தில் டமாஸ்கஸ் என்று சொல்லும் அடுக்கு எஃகுக் கத்தி ஒன்றை இந்த முறை முயன்றேன்.

லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் தகட்டில்) ஐந்து துண்டுகளும், பழைய பெரிய பேரிங்கின் வெளிவளையத்தை நிமிர்த்தித் தட்டையாக்கி வெட்டிய நான்கு துண்டுகளும் மாறி மாறி அடுக்கி, வெண்காரம் தூவிக் காய்ச்சி ஒட்டவைத்தேன். நீட்டி, இரண்டாக வெட்டி, மறுபடி அடுக்குவதை மூன்று முறை செய்ததில் 72 அடுக்குகள் வந்தன. மாமா பக்கத்தில் நின்று சூடு பார்த்துக் கொடுத்ததால் ஒட்டு எங்கேயும் விடவில்லை. அலகின் நீளம் 21 சென்டிமீட்டர். எண் 220 வாட்டர் பேப்பர் வரைக்கும் தேய்த்தேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பொறியியல் படிக்கும் நண்பர் ஒருவர் சர்க்யூட் பலகை செய்வதற்கு வைத்திருந்த ஃபெரிக் குளோரைடை ஒரு பாட்டிலில் கொடுத்தார். அதைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கத்தியை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தபோது அதன் மேல் செம்பு நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. துணியால் துடைத்தால் சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறமாகக் கோடுகள் தெரிகின்றன. அதுவும் கத்தியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான். மூன்று முறை திரும்பச் செய்ததில் கோடு கூடவில்லை, சிறு சிறு குழிகள்தான் கூடின. விரிசல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் இன்னும் எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தவில்லை; எட்சிங் (அமிலத்தில் அரிக்கவிட்டுக் கோடுகளை வரவழைப்பது) முடித்த பிறகு செய்யலாம் என்று இருக்கிறேன்.

அத்தை மகளின் புதுமனை புகுவிழாவுக்கு இந்தக் கத்தியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கோடுகள் கறுப்பும் வெள்ளையுமாக எடுப்பாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? வேறு அமிலம் வாங்க வேண்டுமா?

பதில் 1: அடைகல்

தம்பி, செம்பு நிறப் படலம் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் நண்பர் கொடுத்தது ஏற்கெனவே பலகைகளை அரித்த பழைய திரவம். பலகையிலிருந்து கரைந்த செம்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின் மேல் செம்பு படிவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கத்தியின் மேல் நடந்ததும் அதுதான். செம்பு படிந்த இடத்தில் அரிப்பு ஒரு மாதிரியும் படியாத இடத்தில் வேறு மாதிரியும் நடப்பதால் குழிகளும் விழும். அந்தத் திரவத்தை இனிமேல் எஃகுக்குப் பயன்படுத்த வேண்டாம். புதியது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

வேறு அமிலம் தேவையில்லை, ஃபெரிக் குளோரைடே போதும். கடையில் திரவமாகக் கிடைப்பது பெரும்பாலும் 40 சதவீதக் கரைசல். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் கத்திக்குச் சரியான பதம். மஞ்சள் பழுப்புக் கட்டியாக வாங்கினால், ஒரு லிட்டர் கரைசலுக்கு ஏறத்தாழ 230 கிராம் போட்டால் அதே பதம் வரும். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு கட்டியைச் சிறிது சிறிதாக அதில் போடுங்கள், கரையும்போது சூடேறும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் அதைச் சேர்க்காமல், இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிடும் இருக்கும். ஒரு பக்கம் மூடி ஒட்டிய பிவிசி பைப்பை நிமிர்த்தி வைத்தால் நல்ல பாத்திரம் ஆகிவிடும், கத்தியைக் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

தண்ணீர் கலக்காத கரைசல் வேகமாக அரிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் இரண்டு எஃகையும் ஒன்றாகவே தின்றுவிடுகிறது. நீர்த்த கரைசலில்தான் ஒன்று இறங்கவும் மற்றொன்று நிற்கவும் நேரம் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பட்டறையில் கரைசலின் சூடே 40 டிகிரியைத் தொடும் என்பதால், அந்த மாதங்களில் நான் நான்கு பங்கு தண்ணீர் சேர்ப்பேன், அல்லது விடியற்காலையில் செய்வேன்.

அடுத்தது, நீங்கள் வரிசையை மாற்றிவிட்டீர்கள். கடினப்படுத்துவது முதலிலும் எட்சிங் கடைசியிலும் வர வேண்டும். மெத்தென்று ஆறிய எஃகைவிட, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் இறக்கிய எஃகு நன்றாகக் கறுக்கும். மென்மையான நிலையில் எட்சிங் செய்தால் அடுக்குகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று, எட்சிங்குக்குப் பிறகு கத்தியை மறுபடி உலையில் வைத்தால் மேலே செதில் படிந்து, செய்த வேலை எல்லாம் போய்விடும். தோய்த்த பிறகு பதம் இறக்க 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து எடுங்கள். அதன் பின் கிரைண்டரில் தேய்க்கும்போது அலகு நீலம் பாயும் அளவுக்குச் சூடாகிவிட்டால் அந்த இடத்தின் கடினமும் போகும், அங்கே கறுப்பும் குறையும்.

இனி மூலக் காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் சேர்த்த இரண்டு எஃகும் ஒன்றுக்கொன்று அவ்வளவாக வேறுபட்டவை அல்ல. நம் ஊர் லாரிப் பட்டை பெரும்பாலும் சிலிக்கான், மாங்கனீசு கலந்த எஃகு அல்லது குரோமியம், வனேடியம் கலந்த எஃகு. பேரிங் வளையம் ஈஎன்31 வகை. அதில் கரி (கார்பன்) ஏறத்தாழ 1 சதவீதமும் குரோமியம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். அமிலத்தில் இரண்டுமே கறுக்கும், ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய. அதனால்தான் உங்களுக்குச் சாம்பல் மேல் சாம்பல் கிடைத்திருக்கிறது. கரி வித்தியாசத்தை நம்பி அடுக்குகிறவர்களும் இதே ஏமாற்றத்தைத்தான் அடைகிறார்கள். ஒட்டவைக்கும் சூட்டில் கரி ஓர் அடுக்கிலிருந்து பக்கத்து அடுக்குக்கு விரைவாக ஊடுருவி, மெல்லிய அடுக்குகளில் எல்லா இடத்திலும் ஒரே அளவாகிவிடும். நிக்கலும் மாங்கனீசும் குரோமியமும் அப்படி எளிதில் நகர்வதில்லை. ஆகவே கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் ஓர் எஃகில் நிக்கல் இருக்க வேண்டும். உலகெங்கும் கத்திக்காரர்கள் 1084 அல்லது 1095 எஃகோடு 15என்20 எஃகைச் சேர்ப்பது இதற்காகத்தான். 15என்20 எஃகில் ஏறத்தாழ 2 சதவீதம் நிக்கல் இருப்பதால் அது அமிலத்துக்கு மசியாமல் வெள்ளியாக நிற்கும், 1084 அதில் உள்ள மாங்கனீசால் நன்றாகக் கறுக்கும்.

இணையத்தில் வாங்கலாம். வாங்க வேண்டாம் என்றால், மரவாடிகளில் கழித்துப்போடும் அகலமான பட்டை ரம்பத்தில் சில நிக்கல் எஃகால் ஆனவை. எல்லாமே அப்படி இல்லை என்பதால் சோதித்துப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். ரம்பத்தில் ஒரு விரல் நீளத் துண்டையும் லாரிப் பட்டையில் ஒரு துண்டையும் ஒன்றாகக் காய்ச்சித் தோய்த்து, ஒரே அளவு தேய்த்து, நீர்த்த கரைசலில் பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒன்று கறுத்து மற்றது வெள்ளியாக நின்றால் அந்த ரம்பத்தை விடாதீர்கள். இரண்டும் கறுத்தால் மாமாவிடம் கொடுத்து வேறு எதற்காவது அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கையிலிருக்கும் கத்தியைக் கைவிட வேண்டியதில்லை. கடினப்படுத்தி, குழி மறையும் வரை தேய்த்து, எண் 220 இலிருந்து 400, 600, 800 என்று ஏறி, கடைசித் தாளை நீளவாக்கில் மட்டும் இழுங்கள். முந்தைய தாளின் குறுக்குக் கீறல் ஒன்று மிஞ்சினாலும் அமிலம் அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, பிறகு அசிட்டோனால் துடைத்து, அலகின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய்ப்பிசுக்கு இருக்கிறது என்று பொருள். ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. பத்து நிமிடம் ஊறவைத்து எடுத்து, கரிப்படலத்தை எண் 2000 தாளால் இலேசாகத் துடைத்து, மறுபடி உள்ளே விடுங்கள். நான்கைந்து சுற்றில், நகத்தை ஓட்டினால் மேடும் பள்ளமும் தட்டுப்படும். அப்போது ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்து, ஒரு தேக்குக் கட்டையில் எண் 2000 தாளைச் சுற்றி மேட்டை மட்டும் தேயுங்கள். விரலில் தாளை வைத்துத் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கிக் கறுப்பைத் துடைத்துவிடும். பலருக்கும் வேலை கெடுவது இந்த இடத்தில்தான். கூர் வைப்பது எல்லாம் முடிந்த பிறகு.

பதில் 2: விசாரத்துக் கிழவர்

அடைகல் சொன்ன எதிலும் எனக்கு மறுப்பில்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மேட்டைத் தேய்ப்பதற்கு முன் கறுப்பை இன்னும் ஆழமாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் அதற்கு இன்ஸ்டன்ட் காபித் தூளைக் கெட்டியாகக் கரைத்து, அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவிய கத்தியை அதில் பல மணி நேரம் ஊறவைக்கிறார்கள். காபியின் அமிலமும் அதில் உள்ள துவர்ப்புப் பொருள்களும் இரும்போடு சேர்ந்து, அரிபட்ட சொரசொரப்பான அடுக்கில் கறுப்பாக ஏறிப் பிடித்துக்கொள்கின்றன. நிக்கல் அடுக்கு வழவழப்பாக இருப்பதால் அங்கே ஏறியது தாளில் ஓர் இழுப்பில் போய்விடுகிறது. நம் வீட்டு டிகாக்ஷனில் முயல வேண்டாம், சிக்கரி கலந்ததில் எனக்கு ஒரே சீராக வந்ததில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் தொழிலில் இருந்தவன். மரப்பட்டையில் பதனிட்ட தோலின் பக்கத்தில் இரும்பைக் கொண்டுவர விடமாட்டோம். துருப்பிடித்த ஓர் ஆணி ஈரத்தோலில் ஒரு நிமிடம் கிடந்தால் போதும், மை கொட்டினாற்போல் கருங்கறை விழுந்துவிடும், பிறகு எதற்கும் போகாது. துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுப்புதான். தோலில் எங்களைத் திட்டு வாங்க வைத்த அதே கறையைக் கத்தியில் வேண்டுமென்றே வரவழைக்கலாம் என்று வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தோன்றியது.

காபிக்குப் பதில் நான் பயன்படுத்துவது கடுக்காய். கடுக்காய்க்கு அகநஞ்சு என்று வைத்தியர்கள் கொட்டையை நீக்கச் சொல்வார்கள். நமக்கும் கொட்டை வேண்டாம், ஆனால் நம் காரணம் வேறு: துவர்ப்பு முழுவதும் மேல்தோட்டில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 150 கிராம் தோட்டை இடித்துப் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். அமிலத்திலிருந்து எடுத்து, சோடாவில் முறித்து, நன்றாகக் கழுவிய கத்தியை அதில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். கால்மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றுப் படவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கறுப்பு காற்றில்தான் முற்றுகிறது. எடுத்தவுடன் வெளிறித் தெரிந்தாலும் கையில் பிடித்திருக்கும்போதே கறுத்துக்கொண்டு வரும். கடுக்காயில் வருவது நீலம் ஓடிய கறுப்பு. ஆவாரம்பட்டையிலும் செய்து பார்த்தேன். அதில் பச்சை ஓடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

பதில் 3: அடைகல்

பெரியவருக்கு நன்றி. ஆனால் காபியோ கடுக்காயோ, மேட்டையும் பள்ளத்தையும் அமிலம் உண்டாக்கிய பிறகுதான் வேலை செய்யும் என்பதை இதைப் படிக்கிற புதியவர்கள் மறக்கக் கூடாது. ஆழமில்லாத கத்தியைக் கடுக்காயில் ஊறவைத்தால் முழுக் கத்தியும் கறுக்கும், துடைத்தால் முழுக் கறுப்பும் போகும்.

பதில் 4: ஆற்காட்டு உலை

கழிப்பறை கழுவும் ஆசிடை எடுத்துக்கொண்டு இதைச் செய்யலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் செய்தேன். கத்தி ஓரளவு வந்தது. ஆனால் அந்த ஆவி இரவு முழுவதும் பட்டறைக்குள் சுற்றியதில், காலையில் கதவைத் திறந்தபோது சுவரில் மாட்டியிருந்த அரங்கள் அத்தனையும் துருவேறி இருந்தன. அவற்றில் இரண்டு என் தாத்தா காலத்தவை.

நம் பக்கத்து உருக்கிலும் இப்படிக் கோடு வரும் என்று ஒரு நண்பர் எனக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். வரும், ஆனால் அது வேறு வகை. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசைகள் (உலோகம் உருக்கும் மண் குடுவைகள்) கிடைத்திருக்கின்றனவே, அந்த உருக்கு ஒரே கட்டியாக மூசையில் உருகி உறைந்தது. அதன் கோடுகள் கரியும் இரும்பும் சேர்ந்த கடினத் துகள்கள் வரிசையாக நிற்பதால் தோன்றுபவை. அங்கே அமிலம் இரண்டு எஃகைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஒட்டவைத்த கத்திக்கான அளவுகளை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பதில் 5: பாலாற்றங்கரை

தீர்ந்துபோன கரைசலை என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. ஃபெரிக் குளோரைடு பல கத்திகளுக்கு வரும். நிறம் பச்சை கலந்து, வேகம் குறைந்தால் தீர்ந்துவிட்டது என்று அறியலாம். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அகலமான பிளாஸ்டிக் வாளியில் நிறையத் தண்ணீர் விட்டு, சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நுரை பொங்கி வாளிக்கு வெளியே வந்துவிடும். லிட்மஸ் தாளில் அமிலம் காட்டாத நிலை வந்ததும் ஒரு நாள் வைத்திருந்தால் துரு நிறச் சேறு அடியில் படியும். தெளிந்த நீரை நிறையத் தண்ணீரோடு கழிநீரில் விடலாம். சேற்றைக் காயவைத்துக் கட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடிக்காரர் வைத்திருக்கும் செம்பு கலந்த திரவத்துக்கு இந்த முறை போதாது. அதை அந்த மாணவரிடமே திருப்பிக் கொடுத்து, கல்லூரி ஆய்வகத்தின் வேதிக்கழிவோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு லிட்டர் தானே என்று தோன்றலாம். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்காக வேலூர்க் குடிமக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996ஆம் ஆண்டு தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்கள் ஒரு லிட்டரைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கேட்டவர் மறுமொழி: காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய கத்தியைக் கடினப்படுத்தினேன், விரிசல் விடவில்லை. எண் 800 வரை தேய்த்து, புதுக் கரைசலில் ஐந்து சுற்று வைத்தேன். முன்பைவிட நன்றாகவே தெரிகிறது. அடர்சாம்பல் மேல் வெளிர்சாம்பல். அடுக்குகள் ஒட்டிய இடத்தில் மட்டும் தலைமுடி போன்ற வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. அதை மாமா வீட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

மரவாடியில் மூன்று வெவ்வேறு ரம்பத் துண்டுகள் வாங்கிச் சோதித்தேன். இரண்டு லாரிப் பட்டையைப் போலவே கறுத்தன. மூன்றாவது பத்து நிமிடம் கழித்தும் புது ஒரு ரூபாய் நாணயம் போல வெளியே வந்தது. அதையும் லாரிப் பட்டையையும் சேர்த்துப் புதுக் கத்தி அடித்தேன். தண்ணீர்ச் சோதனையில் கைப்பிடி ஓரத்தில் ஓரிடத்தில் முத்து பிரிந்தது. பரவாயில்லை என்று விட்டதில் அந்த இடத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது, திரும்பத் தேய்க்க வேண்டியதாயிற்று. கடுக்காயிலிருந்து முதல் கால்மணியில் எடுத்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கையில் பிடித்திருந்தேன், சாம்பல் கோடுகள் ஒவ்வொன்றாக நீலக்கறுப்பாக மாறின. தேக்குக் கட்டையில் தாளைச் சுற்றி இழுத்தபோது வெள்ளி மேலே வந்தது. மாமா கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்குகிற சாமானுக்கு இவ்வளவு பாடா என்று கேட்டார், ஆனால் கீழே வைக்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. ஆம்பூரில் தோல் உறை தைக்கக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்தத் தோல் நல்லது? கத்திக்கு எண்ணெய் என்ன பூசுவது?

பதில் 6: விசாரத்துக் கிழவர்

உறை தைக்கலாம், ஆனால் கத்தியை அதற்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. குரோம் தோலில் (குரோமிய உப்பில் பதனிட்டது) உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும், பட்டைத் தோலில் துவர்ப்பு இருக்கும். மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் எந்தத் தோலானாலும் உங்கள் வெள்ளிக் கோட்டில் புள்ளி விழும். பட்டைத் தோலில் தைத்து, உள்ளே தேன்மெழுகு ஏற்றச் சொல்லுங்கள். எண்ணெய்க்கு, சமையலுக்கு ஒத்துக்கொள்ளும் மினரல் ஆயிலே நல்லது, ஒரு துளி போதும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் உடனே கழுவித் துடைக்க வேண்டும் என்று அத்தை மகளிடம் சொல்லிவிடுங்கள். கொடுக்கும்போது கத்தியைத் துணியில் சுற்றியும் உறையைத் தனியாகவும் கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால் உறைக்குள்ளேயே வைத்துப் பீரோவில் பூட்டிவிடுவார்கள்.